விடுமுறைக்கு முந்தின சலவை

கிறிஸ்துமஸ் விடுமுறை நெருங்கினாலே மேனேஜரக்காவுக்குத் தூக்கம் போய்விடும். ஆஸ்பத்திரிக்கு ஏது லீவு? ஊரே கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பும் வாரத்திலும் அங்கே படுக்கைக்குப் படுக்கை விரிப்பு மாற்றியாக வேண்டும். அந்த விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் மடிப்பு மேஜைக்கு வேலைக்கு வந்தவர் அவர். கையும் வேகம், வாயும் வேகம். முதலாளி முட்டிவலியில் வீட்டோடு முடங்கியதும், ஆளைச் சேர்ப்பது முதல் லீவு கொடுப்பது வரை எல்லாம் அவர் தலையில் விழுந்தது.

முந்தைய வருஷ விடுமுறையை நினைத்தால் அவருக்கு இன்னும் உடம்பு கூசும். கடைசி நேரத்தில் ஆளாளுக்கு லீவு கேட்டார்கள். பாதிப் பேர் கேட்காமலே நின்றுவிட்டார்கள். வந்தவர்கள் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாக இழுத்ததில், மடிப்புப் பகுதியில் ஒரு பெண் தூக்கக் கலக்கத்தில் விரிப்பைத் தேய்க்கும் சூடான உருளையில் கையை வைத்துவிட்டாள். அந்த அலறல் அக்காவின் காதை விட்டுப் போகவில்லை.

ஆகவே இந்த முறை முன்கூட்டியே எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "விடுமுறைக்குத் தேவையான விரிப்பை இப்பவே துவைச்சு ஆஸ்பத்திரி ஸ்டோர்ல அடுக்கிடுவோம். அப்புறம் மொத்தமா இழுத்து மூடிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போங்க. பாய்லரையும் அணைச்சிடலாம்."

கூடமே கை தட்டியது. ஒரே ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போனார். பாய்லரண்ணன்.

அவர் மேனேஜரக்காவின் கூடப்பிறந்த அண்ணன். தங்கைக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். நீராவி கொடுக்கும் பாய்லரை வேறு யாரையும் தொட விடமாட்டார். விடுமுறை என்று ஒருநாள் வீட்டில் தங்கியதில்லை.

"என்னைக் கேக்காம என் பாய்லரை அணைக்க நீ யாரு?" என்று வாசலில் மறித்துக் கேட்டார்.

"மேனேஜர்ணே."

"ஓ! அப்படியா மேனேஜர்?" என்று சொன்னவர்தான். அன்றிலிருந்து பேச்சில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணி தேடி வந்தார். "என்ன ஆனாலும் இந்தத் தடவை அவரை வீட்ல இருக்க வைம்மா. உடம்பு சரியில்லையோன்னு பயமா இருக்கு. டம்ளரை மேஜைக்கு வெளியில வைக்கிறார். படியில தடுமாறுறார். என்னன்னு கேட்டா எரிஞ்சு விழுறார்."

வேலைக் களைப்பு என்றுதான் அக்கா நினைத்தார். ஓய்வு கிடைத்தால் சரியாகிவிடும் என்று அண்ணியைத் தேற்றி அனுப்பினார்.

அதன்பிறகு கூடத்தில் மூச்சுவிட நேரமில்லை. ஆஸ்பத்திரி வண்டி வந்து கொட்டக் கொட்ட இயந்திரங்கள் சுழன்றன. பாய்லரில் தண்ணீர் குறைந்தால் அலறவேண்டிய மணி, குறையாமலே அடிக்கடி அலறி வேலையைக் கெடுத்தது. அண்ணன் அதன் ஒயரைக் கழற்றிவிட்டார். அக்கா பார்த்தார், விடுமுறையில் ஆளை வரவழைத்துச் சரிசெய்யலாம் என்று விட்டுவிட்டார்.

மூடுவதற்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டு நேரம். அண்ணன் சாப்பிட வரவில்லையே என்று அக்கா பாய்லர் அறைக்குப் போனார். கதவைத் திறந்ததுமே பெயின்ட் தீயும் வாசனை.

"அண்ணே, தண்ணி எங்க?"

"பாதிக்கு மேல இருக்கு. ஏன், உனக்குக் கண்ணு தெரியலையா?"

தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயை அக்கா உற்றுப் பார்த்தார். பாதிக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு இருந்தது. தண்ணீர் என்றால் துடித்துக்கொண்டே இருக்கும். இது அசையவில்லை. வெறும் உப்புக் கறை. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அக்கா பாய்ந்து பர்னரை அணைத்தார்.

"லோடு பாதியில நிக்குது, என்ன பண்றே நீ?"

"தண்ணி இல்லண்ணே! அது கறை!"

அண்ணன் முகத்தைக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போலக் கொண்டுபோனார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்தார். அவர் முகத்தில் ரத்தமே வற்றிவிட்டது. அடுத்த நொடி அவர் கை பம்ப் சுவிட்சுக்குத் தாவியது.

அக்கா இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்ணே!"

"விடு! தண்ணி ஏத்தணும்!"

"காய்ஞ்சு கிடக்கிற இரும்புல தண்ணி விட்டா வெடிச்சிரும்! நீதானே எனக்குச் சொன்னே!"

அண்ணனின் கை ஒரு கணம் முரண்டு பிடித்தது. பிறகு தளர்ந்தது. அக்கா வாசலில் வண்டியோடு நின்ற டிரைவரைப் பார்த்துக் கத்தினார்: "டிரைவர்! எல்லாரையும் தெருவுக்குக் கூட்டிட்டுப் போங்க! ஒரு ஆள் உள்ள இருக்கக்கூடாது!"

தடதடவென்று ஓடும் கால்கள். உருளைகள் ஒவ்வொன்றாக நின்றன. பாய்லருக்குள் இரும்பு படக், படக் என்று முறுக்கிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ போ. நான் இங்கயே இருக்கேன்" என்றார் அண்ணன்.

"நீ வரலேன்னா நானும் போகமாட்டேன்."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. இருவரும் வெளியே வந்தார்கள்.

தெருவில் நின்று எல்லோரும் கூடத்தையே பார்த்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் எல்லோருடைய தோளும் ஒருசேர உயர்ந்து தாழ்ந்தது. பாய்லர் ஆறியபின் வந்த மெக்கானிக், உள்ளே சில குழாய்கள் வளைந்துவிட்டன என்றார். "தண்ணி மட்டும் விட்டிருந்தீங்கன்னா, நான் இப்ப உங்ககிட்ட பேசிட்டு இருக்கமாட்டேன்."

அண்ணன் கேட் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளாண்ணே கண்ணு இப்படி?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து. எல்லாம் புகை மூடின மாதிரி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மேனேஜரா நீ என்னை வீட்டுக்கு அனுப்பணும். தங்கச்சியா உக்காந்து அழணும். ரெண்டும் உனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

அக்கா மூக்கை உறிஞ்சினார். "இப்ப ரெண்டையும் பண்ண வெச்சிட்டியே" என்று எழுந்தார்.

அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. ஈர விரிப்புகள் மலையாகக் கிடந்தன. ஆஸ்பத்திரி ஸ்டோர் பொறுப்பாளருக்குப் போன் போட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னார். அந்தம்மா வாங்கு வாங்கென்று வாங்கினார்: "நாளைக்கு மூடப்போறீங்க, இன்னிக்கா வந்து சொல்றீங்க?" அக்கா எதிர்த்துப் பேசவில்லை. நேரே அடுத்த தெருச் சலவைக்கூடத்துக்குப் போனார். இதே ஆஸ்பத்திரி வேலைக்குப் போட்டியிட்டுத் தோற்ற ஆள் அதன் முதலாளி. அக்காவை வாசலிலேயே நிற்கவைத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "யாருக்கும் அடி கிடி படலையே?" என்றார்.

"இல்லைங்க."

"அப்ப வண்டியை உள்ள விடச் சொல்லுங்க. ஆனா என் ஆளுங்க பாதிப் பேர் லீவுல போயாச்சு. கை உங்களுதுதான்."

அக்காவின் ஆட்கள் யாரும் முணுமுணுக்காமல் கூடவே போனார்கள். நள்ளிரவுக்குள் கடைசி விரிப்பு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

விடுமுறையில் அண்ணனைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனதும் அக்காதான். கண்புரை. ஒரு கண்ணுக்கு உடனே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மற்றது பிறகு. கூடம் திறந்தபோது பாய்லரின் வளைந்த குழாய்களை மாற்றியிருந்தார்கள், அதைப் பார்த்துக்கொள்ளப் புதிய ஆளும் வந்திருந்தார். முதல் வேலையாக அக்கா அந்த மணியைத் தன் கண் முன்னால் மாட்டவைத்து அலறவிட்டுக் கேட்டார். எந்த இயந்திரமும் ஒரே ஆளை நம்பி இருக்கக்கூடாது என்று பகுதிக்கு இருவரைப் பழக்கினார். அண்ணனை வண்டியில் துணி ஏற்றும் பகுதிக்கு மாற்றினார். அந்தக் கோபத்தில் அண்ணன் பல மாதம் அவரை மேனேஜர் என்றும் கூப்பிடவில்லை, தங்கச்சி என்றும் கூப்பிடவில்லை. "இந்தா" என்றுதான் கூப்பிட்டார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு யார் யாருக்கு எப்போது லீவு என்று அக்கா கேட்கத் தொடங்கியபோது, அறை வாசலில் மற்றவர்களோடு அண்ணனும் நின்றிருந்தார்.

"லீவு வேணும்."

"எதுக்கு?"

"உங்க அண்ணியை அவ அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வாய்விட்டுட்டேன். எப்பன்னு நீயே பார்த்துப் போடு."

அக்கா நிமிர்ந்து அவர் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பக்கம் கோணலாக இருந்தது. எட்டிச் சரிசெய்துவிட்டு, "அடுத்தது யாரு?" என்றார்.