டாக்டரம்மா காரை நம்பி விட்ட இடம்

காரிமங்கலத்தில் நான் ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் வாசலில் முன்பெல்லாம் ஒரு சிவப்புக் கார் நிற்கும். இரண்டு கதவு, இரண்டே இருக்கை. தரையோடு படுத்திருப்பதுபோல அவ்வளவு தாழ்வு. வேகத்தடையில் குறுக்காகத் திருப்பித்தான் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அடிவயிறு உரசும். அறுபதை நெருங்கிய, பிரசவம் பார்க்கிற ஒரு பெண் டாக்டருக்கு இந்த ரேஸ் வண்டி எதற்கு என்று ஊர் சிரித்தது. ஆனால் சந்தை நாளில் ஆடுகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே அது உறுமிக்கொண்டு வரும்போது, சிரித்தவர்களே ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். படிக்கிற காலத்தில் பெங்களூர்ச் சாலையில் பார்த்து ஆசைப்பட்ட வண்டியாம். அது பழசாகி, தன் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கிய பிறகு தேடிப் பிடித்து வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகக் கிருஷ்ணகிரி வரை ஓட்டிப்போய் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவார். அன்று முழுக்க எங்களில் யாருக்கும் திட்டு விழாது.

ஒரு மழைக்காலத்தில் அதன் பிரேக் கெட ஆரம்பித்தது. பெடலை மிதித்தால் தரைவரை போயிற்று. திரும்பத் திரும்ப மிதித்தால்தான் வண்டி நின்றது. அந்த மாடலைக் கம்பெனி எப்போதோ கைவிட்டிருந்தது. எந்தப் பட்டறையை நம்பி விடுவது என்று பார்க்கக் கிளம்பியபோது டாக்டரம்மா என்னையும் துணைக்கு அழைத்தார். எனக்கு சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியும், அதோடு சரி.

முதலில் போனது பைபாஸ் ஓரம், கண்ணாடிச் சுவரும் ஏசி அறையுமாக மின்னிய ஓர் இடம். கழுத்தில் டை கட்டிய மேலாளர், டாக்டரம்மா கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். "மேடத்துக்கு இதெல்லாம் வெளங்காதுங்க சார். நீங்க கேட்டு வச்சுக்கோங்க." வண்டியை ஓட்டி வந்தது டாக்டரம்மாதான் என்று நான் சொன்னதும், நல்ல நகைச்சுவை கேட்டவர் மாதிரி சிரித்தார். அடுத்த பட்டறைக்காரர் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. டயர் பக்கத்திலேயே பான்பராக்கைத் துப்பிவிட்டு, "என்ஜினையே எறக்கிடணுங்க" என்றார். பிரேக்குக்கும் என்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டரம்மா கேட்டார். "எல்லாம் சம்பந்தந்தான்" என்று சொல்லி மறுபடி துப்பினார்.

கடைசியாகப் போனது அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் இருந்த பட்டறை. வண்டி உள்ளே நுழைந்ததுமே அதன் முதலாளி ஓடி வந்து கதவைத் திறந்தான். முப்பது வயதிருக்கும். "என்னைத் தெரியுதுங்களா அம்மா? நான் உங்க கையில பொறந்தவங்க. கழுத்துல கொடி சுத்திக்கிட்டு இருந்துச்சாம், நீங்க இல்லன்னா நானே இல்லைன்னு எங்க ஆத்தா சொல்லிக்கிட்டே இருக்கும்." டாக்டரம்மா அவன் அம்மாவின் பெயரைச் சொல்லி, நலமா என்று கேட்டார். அவன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துப் பேசினான். "பிரேக் சிலிண்டர் போயிருச்சுங்க அம்மா. பார்ட் பெங்களூர்ல இருந்து வரணும். அதுவரைக்கும் நீங்க இதைத் தொடவே கூடாது. உசுரு போற விஷயம்." திரும்பி வரும்போது பஸ்ஸில் டாக்டரம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

பார்ட் வரவேயில்லை. போன் செய்யும்போதெல்லாம் ஒரு காரணம் இருந்தது. "வண்டி என் வூட்டுப் புள்ள மாதிரி பத்திரமா இருக்குதுங்க அம்மா" என்பான்.

ஒருநாள் மத்தியானம், தாடை கிழிந்த ஒரு புதுப்பெண்ணைக் கூட்டி வந்தார்கள். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட வெளுக்கவில்லை. கல்யாண போட்டோ எடுக்கப் பென்னாகரம் ரோட்டுக்குப் போனார்களாம்; மாப்பிள்ளை ஓட்டிய கார் இறக்கத்தில் நிற்காமல் புளியமரத்தில் மோதியதாம். டாக்டரம்மா ஒவ்வொரு தையலாக, தழும்பு விழாதபடி போட்டுக்கொண்டே, "என்ன வண்டிம்மா?" என்று கேட்டார். பேச முடியாத அந்தப் பெண் தன் போனை நீட்டினாள். சிவப்புக் காரின் பானெட்டில் பட்டுச்சேலையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். மீதித் தையலைப் போட்டு முடித்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு என்னிடம், "கிளம்புங்க" என்றார்.

நாங்கள் பட்டறைக்குப் போனபோது அவன் காரின் நெளிந்த முன்பக்கத்துக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தான். வாடகைக்கு விட்டதை மறுக்கக்கூட இல்லை. "சும்மா நிக்குதேன்னு குடுத்தேங்க அம்மா. மெதுவாத்தான் ஓட்டச் சொன்னேன். பெருசா ஒண்ணும் ஆகல, பெயிண்ட் அடிச்சா தெரியாது."

"பிரேக் இல்லைன்னு நீதானே சொன்ன?"

அவன் சட்டென்று காலில் விழப் பார்த்தான். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். சாக்கடையில் மிதித்துவிடாமல் காலை இழுத்துக்கொள்வோமே, அப்படி. சாவியை வாங்கிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தார்.

புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி ஊரே ஆஸ்பத்திரிக்குத் திரண்டு வந்தது. கடைக்காரர்கள் வந்தார்கள், கோயில் கமிட்டிக்காரர் வந்தார். அந்தப் பெண்ணின் மாமனாரே பழத்தட்டோடு வந்தார். "கல்யாணமான சூட்டோட ஸ்டேஷன் ஏறினா எங்களுக்குத்தானுங்க அசிங்கம். ஒரு பழைய காருக்காகப் போயி..." மருமகள் அவருக்குப் பின்னால் தாடையில் கட்டோடு தலை குனிந்து நின்றாள். டாக்டரம்மா அவளிடம் மட்டும் கேட்டார்: "நீ என்னம்மா சொல்ற?" அவள் மாமனாரைப் பார்த்துவிட்டு, "வுட்டுருங்க மேடம்" என்றாள். அடிபட்டவளே சாட்சி சொல்லாதபோது வழக்கு எங்கே நிற்கும்? அவன் பட்டறை ஒருநாள்கூட மூடவில்லை. காரை லாரியில் ஏற்றி, இருக்கிற கோளாறையெல்லாம் மறைக்காமல் சொல்லி, பெங்களூர்க்காரர் ஒருவருக்கு டாக்டரம்மா விற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்.

போன மாசம் அந்த அதியமான்கோட்டைப் பட்டறைக்காரனே வந்தான். பிரசவ வலியில் துடித்த மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தான். தர்மபுரியில் இல்லாத ஆஸ்பத்திரியா? எந்த முகத்தோடு வருகிறான் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டாக்டரம்மா அவன் மனைவியை உள்ளே அழைத்துப் போனார். கஷ்டமான பிரசவம்தான். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது, தாயும் நலம்.

அவன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். கூச்சமே இல்லாமல் அவர் முன்னால் நீட்டினான். "எங்கெங்கயோ போகச் சொன்னாங்கம்மா. உசுரு விஷயமாச்சே, நம்பி வர உங்கள வுட்டா யாருங்க இருக்காங்கன்னு வந்துட்டேன்."

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு, நிதானமாகத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"நானும் அப்படி நினைச்சுத்தான் உன்கிட்ட வந்தேன்" என்றார்.

அவன் என்ன புரிந்துகொண்டானோ, சிரித்தான். ஸ்வீட் பாக்ஸை என் பக்கம் திருப்பினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.