துவக்கின் மீதி ஊஸ்டரில்

மகன் நிலவறையிலிருந்து துவக்கை மேலே கொண்டுவந்து, தன் மேசை இழுப்பறையைத் திறந்தபோது திங்கட்கிழமை காலை ஏழரை மணி. இழுப்பறைக்குள் எண்ணெய்க் கறை படிந்த ஒரு துணி மட்டும் கிடந்தது.

இந்தச் சுவிஸ் நாட்டில் இராணுவப் பயிற்சி முடித்தவர்களில் பெரும்பாலானோர் தங்கள் துவக்கை வீட்டில்தான் வைத்திருக்கிறார்கள். வருடத்தில் மூன்று வாரம் சீருடை போட்டு, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறி முகாமுக்குப் போவார்கள். தோட்டாவை வீட்டுக்குக் கொடுத்துவிடுவதில்லை. துவக்கைப் பூட்டி வைக்க வேண்டும். அதற்குள் முன்னும் பின்னும் ஓடுகிற இரும்புப் பாகத்தைக் கழற்றி வேறோரிடத்தில் பூட்ட வேண்டும். அந்தப் பாகத்தை ஃபெர்ஷ்லுஸ் என்பார்கள். அது இல்லாத துவக்கு சுடாது. எங்கள் வீட்டில் துவக்கு நிலவறை அலுமாரியில் இருந்தது. ஃபெர்ஷ்லுஸ் மூன்றாம் மாடியில், மகனின் இழுப்பறையில்.

பூட்டு உடைந்திருக்கவில்லை. அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று மகனின் சாவிக்கொத்தில் இருந்தது. மற்றதை ஒளித்து வைக்கும்படி என்னிடம் தந்திருந்தான். நான் அதைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மாட்டியிருந்தேன். தபால்பெட்டிச் சாவியும் சைக்கிள் சாவியும் அங்கேதான் தொங்குகின்றன. நாங்கள் இருக்கும் எம்மன்புரூக்கேயில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் சாவி தேடுகிறவர்கள் முதலில் சாமிப்படத்துக்குப் பின்னால்தான் கையை விடுவார்கள்.

மனைவி குசினியில் மகனுக்குப் பாண் கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"அது சின்னம்மா வீட்டை இருக்கு."

"என்னம்மா?"

"ஊஸ்டரிலை. ரெண்டையும் ஒண்டா வைக்கக் கூடாது எண்டு நீதானே சொன்னனி."

"தனித்தனியா எண்டு சொன்னனான். கன்டோன் மாத்தி வைக்கச் சொல்லேல்லை."

"மூண்டு மாடி ஒரு தூரமோ?"

இரண்டு மாதங்களுக்கு முன், தன் தங்கையின் கணவருக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தபோது அவள் ஊஸ்டருக்குப் போய் வந்தாள். அது வேறு கன்டோன், வேறு மாநிலம். அன்று ஃபெர்ஷ்லுஸை ஒரு பழைய பால்மா டின்னுக்குள் சீலைத்துணியில் சுற்றி வைத்து, சூரிச்சில் ரயில் மாறி, மடியில் வைத்தபடியே கொண்டுபோயிருக்கிறாள்.

ஒரு மணிக்கு அவன் முகாமில் நிற்க வேண்டும். பாகம் இல்லையென்றால், காணாமல் போனதாக அறிவிக்க வேண்டும். "பொலிஸ் வீட்டை வரும்" என்றான். பாண் வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

ஊரில், யுத்த காலத்தில், துவக்கோடு ஆட்கள் அவளுடைய வீட்டுக்குள் மூன்று தரம் வந்திருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று அவள் பிரித்துச் சொல்வதில்லை. மூன்றாம் தரத்துக்குப் பிறகு அவளுக்கு அண்ணன் இல்லை. இதைத் திருமணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள், இரண்டு வசனங்களில். பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை. மகன் முதன்முதல் துவக்கோடு வாசலில் நின்ற நாளில் அவள் செய்த ஒரே காரியம், வழிவிட்டு ஒதுங்கி நின்றது. சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வெற்று மகசின், வெற்றுத் துவக்கு. இரண்டையும் டிக்கியில் வைத்துப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம். பக்கத்து ஆசனத்தில் மகன் சீருடையில் இருந்தான். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு சொன்னான்.

"பயமெண்டா அம்மா சொல்லியிருக்கலாமே, அப்பா."

"நீ கேட்டனியோ?"

"நீங்கள் கேட்டனீங்களோ?"

நான் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்தேன். நூறு.

துவக்கை வீட்டில் வைக்காமல் இராணுவக் கிடங்கில் ஒப்படைக்கலாம் என்றான். கட்டணம் இல்லை, காரணமும் கேட்கமாட்டார்கள்.

ஊஸ்டரில் அவன் மேலே ஓடினான். நான் காரில் இருந்தேன். டிக்கியில் துவக்கு இருக்கும்போது வாகனத்தைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. ஆனால் நெஞ்சு வெட்டிய மனிதர் மேலே படுத்திருக்க, வாசல் வரை வந்தவன் படியேறாமல் போவதென்பது எங்கள் ஆட்களிடம் சின்ன விஷயமில்லை. மைத்துனி பல்கனிக்கு வந்துவிட்டாள்.

"அத்தான்! ஏன் கீழை நிக்கிறியள்? இவர் உங்களைக் கேக்கிறார்."

"கார் விட ஏலாது, பிள்ளை."

"அது புளூ சோன். ஒரு மணித்தியாலம் விடலாம்."

"அதில்லை..."

முதலாம் மாடியில் ஒரு சுவிஸ் மூதாட்டி பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். தமிழ் அவளுக்கு விளங்காது. விளங்கினாலும் என்னால் காரணத்தைக் கத்திச் சொல்லியிருக்க முடியாது. மைத்துனி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

ஐந்து நிமிடத்தில், பால்மா டின்னோடு வந்த மகனுக்குப் பின்னால் அவளும் இறங்கி வந்தாள், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு. மகன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"அக்கா நகை எண்டு தந்தவ. என்ரை தாலிக்கொடிக்குப் பக்கத்திலை வைச்சுப் பூட்டினனான்" என்றாள். பிறகு டிக்கியைப் பார்த்தாள். "இப்ப அதுக்குள்ளையோ இருக்கு?"

"ஓம்."

"அப்ப நில்லுங்கோ. குடிச்சிட்டுக் கோப்பையைத் தாங்கோ."

முகாமின் வாசலில் நான் அவனை இறக்கிவிட்டபோது ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை பகல், அவன் துவக்கோடு திரும்பி வந்தான். சப்பாத்தைக் கழற்ற முன்பே கேட்டான்.

"அம்மா, இதைக் கிடங்கிலை குடுக்கட்டோ? நீங்கள் சொல்லுங்கோ."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யோசித்தாள். குடு என்பாள் என்று நான் நிச்சயமாக நினைத்தேன்.

"அங்கை ஆர் பூட்டுறது?"

"அங்கை வேலை செய்யிற ஆக்கள்."

"எனக்கு அவையளைத் தெரியாது. இஞ்சை நீ பூட்டு, நான் பாக்கிறன்."

ஃபெர்ஷ்லுஸுக்கென்று புதிதாக வாங்கிய எண்பூட்டுப் பெட்டி ஒன்றை அவன் அன்றே இழுப்பறைக்குள் திருகாணி போட்டு இறுக்கினான். எண் அவனுக்கு மட்டும் தெரியும். அதை நாங்களும் கேட்கவில்லை. பிறகு முகாமில் செய்வதுபோல, துவக்கின் வாயைச் சுவருக்குத் திருப்பி, ஃபெர்ஷ்லுஸைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டினான்.

அவள் துவக்குகளை எப்போதும் முன்பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள். இப்போது பின்னால் வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, குனிந்து உள்ளே பார்த்தாள். தன் சின்னி விரலை உள்ளே விட்டும் பார்த்தாள். விரலில் எண்ணெய் ஒட்டியிருந்தது.

"ஓம், ஒண்டுமில்லை," என்றாள். "பூட்டு."