துரைசாணி ரசித்த இங்கிலீசு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடொன்றில் பிறந்து, கண்டியில் இங்கிலீசு படித்தவள் என்ற கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

விடுமுறைக்கு வந்திருந்த என் கண்ணெதிரே, ஏழு மாதக் கர்ப்பிணியான அண்ணி கொழுந்து மலையில் இடது விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள்.

"தோளு வரைக்கும் குத்துது புள்ள" என்றாள்.

கங்காணி சிரித்தான். "கூடை நெறையலன்னா இவளுகளுக்கு இப்பிடித்தான் வலி வரும்."

அவள் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. கார் துரை பங்களாவில் மட்டுமே இருந்தது. ஓடினேன்.

விருந்தாளிகளோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்த துரைசாணியிடம் இங்கிலீசில் கெஞ்சினேன். அவள் கைதட்டினாள்.

"இந்தக் கூலிப் பெண் பேசுவதைக் கேளுங்கள்! எங்கே, இன்னொரு தடவை சொல்!"

காருக்காகச் சிரித்த முகத்தோடு இன்னொரு தடவை சொன்னேன். ஒரு விருந்தாளி பள்ளிப் பாட்டு கேட்டார். அதையும் ஒப்பித்தேன். பிறகுதான் கார் புறப்பட்டது.

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தபோது உள்ளே முழுவதும் இரத்தம்.

"மண்ணீரலுக்குப் போற இரத்த நாடி ஊதி வெடிச்சுப் போச்சு, பிள்ளை" என்றார் யாழ்ப்பாணத்து டாக்டர். "கொஞ்சம் வெள்ளனக் கொண்டு வந்திருந்தால் காப்பாத்தியிருக்கலாம்."

அண்ணியும் பிழைக்கவில்லை, குழந்தையும் பிழைக்கவில்லை.

கருமாதி முடிவதற்குள் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. புதிய விருந்தாளிகள் வந்திருக்கிறார்களாம், அந்தப் பாட்டை நான் வந்து ஒப்பிக்க வேண்டுமாம். போகவில்லை.

இன்று நான் பிள்ளைகளுக்கு இங்கிலீசு சொல்லிக் கொடுக்கிறேன். யாராவது என் உச்சரிப்பைப் புகழ்ந்தால், அந்தப் பாட்டு தொண்டைவரை வந்து குமட்டுகிறது.