கணுக்காலில் ஒரு குருத்து

ஈரமான மாவுக்கட்டு காலில் இறுகும்போது சூடாகும் என்பது, போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். முதலில் சில்லென்றிருந்து, பிறகு மெல்லச் சூடேறி, அப்படியே கல்லாகிவிடும். பன்னிரண்டு வயதில், மயக்கம் அரைகுறையாகத் தெளிந்து அந்தச் சூட்டை உணர்ந்தபோது, வலியைவிடப் பயம்தான் எனக்கு அதிகம்.

காசிமேட்டில் ஓர் அடுக்குக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் எங்கள் 'வூடு'. கீழே மைதானத்தில் பையன்களோடு பந்தாடிக்கொண்டிருந்தபோது, பாதம் பள்ளத்தில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. என்னைத் தூக்கி வந்து வீட்டில் கிடத்துவதற்குள் கணுக்கால் வீங்கிப் பளபளத்தது.

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா மீன் விற்பவர். அக்கம்பக்கத்தில் யாருக்குச் சுளுக்கினாலும் உருவிவிடுபவரும் அவர்தான். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அம்மாவிடம் சொன்னார்:

"சுளுக்குதான் மேரி. ஒரே இழுப்பு, செரியாப் பூடும்."

அம்மா என் காலை மடியில் வைத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். கணுவுக்குக் கீழே தொட்டபோது முனகிய நான், மேலே எலும்பைத் தொட்டதும் அலறிவிட்டேன்.

"வேணாங்க்கா. எலும்பு மேலயே வலிக்குதுன்றா. நா ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தது அவர்தான்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "பிள்ளைங்களுக்கு எலும்பு முனையில வளர்ற குருத்து ஒண்ணு இருக்கும்மா. பெரியவங்களுக்குச் சுளுக்குற அடியில, இவங்களுக்கு அது உடையும். பாப்பாவுக்கு விலகியிருக்கு. மயக்கம் கொடுத்துச் சரியா உட்கார வெச்சுடலாம். ஆனா ஒட்டினப்புறமும் கால் ஒழுங்கா வளருதான்னு பார்த்துட்டே இருக்கணும்."

"வளர்லன்னா?"

"கட்டையாகலாம், கோணலாகலாம். சீக்கிரம் தெரிஞ்சா சரிபண்ண வழியிருக்கு. வராம மட்டும் இருந்துடாதீங்க."

காலை ஊன்றக் கூடாது என்றதால், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் அப்பா, எங்கள் 'நைனா', வேலைக்குக் கிளம்புமுன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கிப் பள்ளியில் விட்டுவிட்டுப் போவார். கட்டைப் பிரித்த பிறகுதான் அம்மாவுக்கு உண்மையான கவலை ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் என்னை நிமிர்ந்து நிற்கவைத்து, தரையில் மண்டியிட்டு, இரண்டு முட்டியும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பாள். தன் கண்மேல் நம்பிக்கை இல்லாமல் ஸ்டெல்லா அக்காவையும் கூப்பிடுவாள். "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது, சும்மா பேஜாராவாத" என்பார் அக்கா.

ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் போய்வந்தோம். நான் அம்மாவின் உயரத்தை எட்டிய சமயம், டாக்டரம்மா இரண்டு கால்களின் படங்களையும் அருகருகே மாட்டிப் பார்த்துவிட்டு, "குருத்து ரெண்டுலயும் ஒண்ணா மூடிடுச்சு. இனிமே வர வேண்டாம்" என்றார். அம்மா படங்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவள், முந்தானையில் முகம் புதைத்து அப்படி அழுதாள். என் எதிரில் அவள் அழுதது அதுதான் முதல்முறை.

செய்தி கேட்ட ஸ்டெல்லா அக்கா என் காலைத் தடவிக்கொண்டே, "நா மட்டும் அன்னிக்கு இழுத்திருந்தேன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு எந்தப் பிள்ளை காலைச் சுளுக்கிக்கொண்டு வந்தாலும், "மொதல்ல படம் எட்த்துப் பாரு" என்று அனுப்பிவிடுவார்.

அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். அக்கா எர்ணாவூருக்குப் போய்விட்டார். மைதானத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிறேன். உடைந்தது எந்தக் கால் என்று சில சமயம் எனக்கே யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட அம்மாதான் இல்லை.