கண் திறந்து வரைந்த முகம்

மூன்றாவது பிளாட்பாரத்தின் பக்கவாட்டுக் கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் முதல் கடை எங்களுடையது. ஜெராக்ஸ், பேனா, நோட்டு, விண்ணப்பப் படிவம். உடுமலையில் பிறந்த நான் கல்யாணமாகி இந்தக் கேரள ஜங்ஷனுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. ரயில்வே போலீஸ் ஹெட் கான்ஸ்டபிள் சுகதனுக்கு முதல் மார்க்கரை விற்றவள் நான்தான்.

தண்டவாளத்தில் அடிபட்டுச் செத்தவர்களை எடுப்பது அவர் வேலை. பேர் ஊர் தெரியாதவர்கள் என்றால் போட்டோ எடுத்து, நோட்டீஸ் அடித்து, ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஒட்ட வேண்டும். அந்த நோட்டீஸ்களை நகலெடுக்க என்னிடம் வருவார். அதிகம் பேசமாட்டார். நகல்கள் வெளியே வரும்போது எனக்குப் படம் தெரியாதபடி குனிந்து நின்று அவரே எடுத்துக்கொள்வார்.

ஒரு நாள் திருச்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகளைத் தேடி வந்தாள். சுவரில் இருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "இது எம்மோளு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். உடைமைகளில் இருந்த மூக்குத்தியைக் காட்டினார்கள். அது அவள் மகளுடையதுதான். பிணத்தை எப்போதோ புதைத்தாகிவிட்டது.

"அன்னிக்கு பார்த்துட்டுத்தானே போனேன் சாரே. பெத்தவளுக்கே தெரியலையே" என்று அந்த அம்மா அழாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

அன்று மதியம் சுகதன் சேட்டன் கடைக்கு வந்தார். "மரகதம், கறுப்பு மார்க்கர் ஒண்ணு கொடு. அழிக்க முடியாததா."

"எதுக்கு சேட்டா?"

"வீங்கிப்போன முகத்த வீக்கமில்லாம வரையணும். பென்சில்ல போட்டா உன் மெஷின்ல சாம்பலா வருது."

அவருக்கு வரையத் தெரியாது. அதனால் தினமும் ஒரு முகம் என்று வைத்துக்கொண்டார். காய்ச்சலிலும் ஓணத்தன்றும் நிறுத்தியதில்லை. முதல் இரண்டு மாதம் யாரை வரைந்தாலும் அவருடைய மைத்துனர் மாதிரியே வந்தது. மனைவி கிரிஜா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் இன்னும் எத்தன தடவைதான் ரயில்ல விழுவாரு?" என்று கேட்டாளாம். அதை அவரே என்னிடம் சொன்னார், சிரிக்காமல்.

செத்தவர்களின் கண்ணைத் திறந்து வரைய வேண்டும் என்றால் உயிரோடு இருப்பவர்களின் கண்ணைப் படிக்க வேண்டும். காலை ஐந்தே முக்காலுக்கு பிளாட்பாரத்தில் வந்து உட்காருவார். பாலக்காட்டுக்கு வேலைக்குப் போகிற கூட்டம் ஆறு இருபது பாசஞ்சருக்காகக் காத்திருக்கும். போனைப் பார்த்தபடி அசையாமல் இருக்கிறவர்களாகப் பார்த்து வரைவார். மார்க்கர் காய ஆரம்பித்தால் கோடு நரைத்து வரும். கன்னத்துக் குழிக்கும் கண்ணுக்குக் கீழேயும் அதுதான் வேண்டும் என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு கடையில் காய்ந்துபோன மார்க்கரை எல்லாம் அவருக்காக ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

விஷயம் தெரிந்ததும் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டீ விற்கிற பௌலோஸ் நேராகவே சொன்னார். "சுகதா, எம்மூஞ்சிய மட்டும் அதுல ஏத்தாத. உன் நோட்டுல இருக்குற ஆளு ஒருத்தனாவது நல்லா இருக்கானா?"

"நீ அசையாம நின்னாத்தானே வரைவேன். வாய மூடவே மாட்டேங்குற."

ஆனாலும் பலன் இருந்தது. ஏழு வருஷத்தில் செத்தவர்களை மட்டும் அறுபது பேருக்கு மேல் வரைந்தார். பதினோரு பேருக்கு ஆள் வந்தது. வங்காளத்து மால்டாவிலிருந்து ஒரு தம்பி மூன்று நாள் ரயிலேறி வந்து நோட்டீஸ் முன்னால் நின்றான். அண்ணன்தான் என்று சொல்லிவிட்டு, "ஆனா அவன் இப்படிச் சிரிக்க மாட்டான்" என்றான். சுகதன் சேட்டன் அதையும் நோட்டில் எழுதி வைத்தார். அதற்குப் பிறகு யாருக்கும் உதட்டோரத்தை ஏற்றி வரையவில்லை.

ஒரு ஆடி மாதம், இங்கே கர்க்கடகம், நல்ல மழை. புழை, அதாவது ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் புதரில் ஒரு உடல் கிடைத்தது. இருபத்தைந்து வயது இருக்கலாம். இரண்டு நாள் தண்ணீரில் ஊறியிருந்தது. முகத்தில் பாதிதான் மிச்சம். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்து கொண்டு வந்தார். கூர்மையான தாடை, இடது புருவத்தில் சின்ன வெட்டு, நிமிர்ந்த பார்வை. அதுவரை அவர் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம்.

"உயிரோட இருக்கற மாதிரியே இருக்குது சேட்டா" என்றேன். நாற்பது நகல் எடுத்துக் கொடுத்தேன்.

ஐந்தாவது நாள், ஒற்றப்பாலம் போகிற வழியில் மரக்கடை வைத்திருந்த அப்புண்ணி என்பவர் சுவரிலிருந்து நோட்டீஸைக் கிழித்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "என் பையன் ரஜீஷ்" என்றார். இரண்டு வாரத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். பிணவறையில் துணியை விலக்கினார்கள். உயரம் சரியாக இருந்தது. கறுப்பு ஜீன்ஸும் சரி. முகத்தை அவர் ஒரு நொடிக்கு மேல் பார்க்கவில்லை. "மூடுங்க சாரே. படத்துல பார்த்தாச்சு, போதும்" என்றார். எரித்து, எலும்பைப் பொறுக்கி, புழையில் கரைத்தார்கள். அப்புண்ணி பலியும் போட்டார், நம்மூர்த் தர்ப்பணம் மாதிரி. பள்ளிக்கூட குரூப் போட்டோவைத் தவிர வீட்டில் பையனின் படம் வேறு இல்லை. அதனால் சுகதன் சேட்டன் வரைந்ததையே கண்ணாடி போட்டு மாட்டினார் அப்புண்ணி. அவர் மனைவி அதன் பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டாள்.

பதினான்கு மாதம் போனது. ஒரு காலை நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது சுகதன் சேட்டன் வேகமாக வந்தார். பின்னால் பையோடு ஓர் இளைஞன் நின்றான். கூர்மையான தாடை, புருவத்தில் வெட்டு. ஷட்டர் பாதியிலேயே என் கையில் நின்றது.

"இப்பதான் ரயில்ல இருந்து எறங்கினான். சூரத்துல இருந்தானாம்" என்றார் சேட்டன். "அப்பன் கைநீட்டி அடிச்சிட்டாராம், அந்தக் கோபத்துல போனே பண்ணலையாம். மரகதம், கடைய சாத்திட்டு வா. இவன் வீட்டுக்குத் தனியாப் போக முடியல எனக்கு."

ஆட்டோவில் போகும்போது, "இவன் செத்துட்டான்னு எரிச்சு முடிச்சத இவன்கிட்டயே நான் எப்படிச் சொல்றது" என்று என் காதில் சொன்னார். சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அந்தப் பையனுக்கு அவர் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ரஜீஷ் முன்னால் நடந்தான். அப்புண்ணி முற்றத்தில் மரச்சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை. உள்ளே சுவரில் படம் மாலையோடு தொங்கியது. ரஜீஷ் அதைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டான். அவன் அம்மா வந்து மகனின் கையைத் தொட்டாள், புருவத்தைத் தொட்டாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புண்ணி இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அப்போ நான் யாருக்கு சாரே பலி போட்டேன்?"

கேட்டுவிட்டு உள்ளே சுவரைக் காட்டினார்.

"படம் அச்சு அசலா இவனாத்தானே இருந்துச்சு. நீங்க யாரப் பார்த்து வரைஞ்சீங்க?"

அதற்குப் பதிலை அன்று சாயங்காலம் பழைய நோட்டில் கண்டுபிடித்துக் கடைக்கு எடுத்து வந்து காட்டினார். உடல் கிடைப்பதற்கு முந்தைய மாதத்தில் தொடர்ந்து எட்டுப் பக்கம் ஒரே முகம். ரஜீஷ் அப்போது பாலக்காட்டில் டைல்ஸ் கடைக்கு வேலைக்குப் போனவன். ஆறு இருபதுக்கு எதிர் பெஞ்சில் அசையாமல் உட்காருவான். வரைய சுலபமான முகம். அவன் பேர்கூட சேட்டனுக்குத் தெரியாது. ஒரு நாள் அவன் வராமல் போனதையும் அவர் கவனிக்கவில்லை.

"பாதி முகம்தான் இருந்துச்சு மரகதம். மீதிய என் கை போட்டுடுச்சு. கைக்குப் பழக்கமான முகத்த போட்டுடுச்சு. நான் அதப் பார்த்துட்டு நல்லா வந்திருக்குன்னு சந்தோஷப்பட்டேன்."

நாற்பது நகல் எடுத்துக் கொடுத்த அன்று நானும் சந்தோஷப்பட்டவள்தான்.

அவரே போய் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தார். விசாரணை நடந்தது. அவருக்கு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். வரைகிற வேலை இனி வேண்டாம் என்றார்கள். வழக்கு திரும்பத் திறக்கப்பட்டது. ஆனால் திறந்து பார்க்க என்ன இருக்கிறது? சாம்பல் புழையோடு போயிற்று. பிரேதப் பரிசோதனைக்கு முன் எடுத்த ஆறு போட்டோக்களும் இரண்டு பக்கக் குறிப்பும்தான் மிச்சம்.

அப்புண்ணி மட்டும் அவரைத் திட்டவில்லை. அது சேட்டனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. எம்மகன் பேர்ல வெந்தான்" என்று அடுத்த கர்க்கடக அமாவாசைக்கும் அவர் புழைக்குப் போய்ப் பலி போட்டார். பேர் சொல்லி அழைக்க வேண்டிய இடத்தில் பூசாரி நிறுத்திக் காத்திருந்தாராம். இவர் பேர் சொல்லாமலே எள்ளும் தண்ணீரும் விட்டாராம்.

சுகதன் சேட்டன் அந்த ஆறு போட்டோக்களின் நகலை வைத்துக்கொண்டு தினமும் ஒரு முறை அந்த மனிதனை வரைய ஆரம்பித்தார். முதல் பல வாரங்கள் ஒவ்வொரு முறையும் ரஜீஷே வந்தான். மார்க்கரில் அழிக்க முடியாது. தாளைக் கிழித்துவிட்டு அடுத்ததை எடுப்பார். பிளாட்பாரத்துக்குப் போவதை நிறுத்தினார். கிரிஜா ஒரு நாள் கடைக்கு வந்து, "அவருக்கு மார்க்கர் கொடுக்காத மரகதம். சாப்பாட்டத் தள்ளி வச்சிட்டு உக்காந்திருக்கிறார்" என்றாள். நான் ஒரு வாரம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் வேறு கடையில் வாங்கிக்கொண்டார்.

கடைசியில் ஒரு படம் வந்தது. பாதி முகம்தான். கண் மூடியிருந்தது. தெரியாத பாதியை வெள்ளையாகவே விட்டிருந்தார். பார்க்க நன்றாக இல்லை. அதை நோட்டீஸாக ஒட்ட அனுமதி வாங்க அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. நான் நகலெடுத்தேன், அவர் தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் அனுப்பினார்.

இரண்டு போன் வந்தது. ஒன்று குடிகாரன். இரண்டாவது ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண். அவள் பேசுவது அவருக்கு முழுதாகப் புரியாததால் போனை என்னிடம் கொடுத்தார்.

"எந்தம்பிங்க. தறிக்குப் போய்ட்டிருந்தான். வெளிய போய் ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு" என்றாள். "இடது காது குத்தியிருப்பானுங்க. சின்னப்புள்ளையில நேர்ந்துக்கிட்டது. பாத்துச் சொல்லுங்க."

அதை அவரிடம் சொன்னேன். சேட்டன் ஆறு போட்டோக்களையும் மேஜையில் பரப்பினார். குறிப்பு இரண்டு பக்கத்தையும் விரலை வைத்துப் படித்தார். இடது காது எதிலும் இல்லை. குறிப்பிலும் எழுதவில்லை. அதை எழுதியவர் அவர்தான்.

"தெரியலம்மா" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் மறுபடியும் முதல் போட்டோவைக் கையில் எடுத்தார். அந்தப் பெண் இன்னும் கொஞ்ச நேரம் தம்பியைப் பற்றிச் சொன்னாள். தயிர் சாப்பிடமாட்டான், இருட்டென்றால் பயம் என்று. பிறகு பேலன்ஸ் தீரப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். சேட்டன் போட்டோக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உறையில் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனார்.