துரை வந்தால் எழுந்து நிற்கிறவர்கள்

வயது ஏற ஏற மனிதர்கள் அடங்கிப்போவார்கள், அது இயற்கை என்கிறார்கள். என்ன இயற்கையோ! என் அண்ணனைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதையை விட்டு இறங்காத முதல் ஆள் அவர்தான். மேனேஜரைத் துரை என்போம். அந்தக் காலத்தில் துரை வந்தால் கூடையோடு பாதையோரக் கானுக்குள், அந்தச் சாக்கடைக்குள், இறங்கி நிற்க வேண்டும். ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட வேண்டும். இருபத்தைந்து வயது அண்ணன் இறங்கவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. மூன்று மாதம் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. "பயந்தா காலம் பூரா கானுலதான் நிக்கணும், தங்கச்சி" என்பார். எனக்கு நெஞ்சு நிமிரும்.

இப்போது அறுபத்தைந்து வயது. தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். ரோட்டோரமாகத் தனிவீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இன்னும் மலையடி லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில்தான்.

போன சித்திரை மழையில் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்தது, கை நுழையும் அளவுக்கு. அரநாயக்கவில் மண் இறங்கி ஆட்களை மூடியதைக் கேட்டு நடுங்கிய சனம் நாங்கள். அடுத்த பெருமழைக்குள் வேறு இடம் வேண்டும் என்று கடதாசி எழுதி, என் மகள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். பிள்ளைக் காம்பராவில் கூட்டம் வைத்தார்கள், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் அதே கட்டடத்தில்.

துரை ஜீப்பில் வந்தார். எனக்கு மகன் வயதுதான் இருக்கும். எல்லோரும் எழுந்து நின்றார்கள். என் மகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் பாய்ந்தார். "எந்திரி! மரியாத தெரியாதா ஒனக்கு?"

"உக்காந்தே பேசலாம் மாமா. மொதல்ல இந்தக் கடதாசிய வாங்கச் சொல்லுங்க."

"சமாவென்ன சார்" என்று துரையிடம் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார் அண்ணன். கேட்டதோடு விட்டாரா? கும்பிட்டார்! துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "தலைவரோட பேசிக்கிறேன்" என்றார், போய்விட்டார். கடதாசி மகள் கையிலேயே இருந்தது. அண்ணன் ஓடிப்போய் ஜீப் கதவைப் பிடித்தார். சீ!

வெளியே வழிமறித்தேன். "கானுல எறங்க மாட்டேன்னு நின்ன ஆளு நீங்கதானே?"

"அது வேற காலம், தங்கச்சி. இந்த வயசுல எதுக்கு வம்பு? பேரனுக்கு ஆபீஸ்ல ஒரு எடம் கேட்டிருக்கேன்."

வயசாம் வயசு! பேரனுக்கு நாற்காலி வேண்டும், அதற்கு எங்கள் தலையில் மலை விழுந்தாலும் பரவாயில்லை. இதற்கு வயதின் மேல் பழி போடுகிறார்.

வீட்டுக்கு வந்தும் வாய் ஓயவில்லை. ரொட்டி தட்டிக்கொண்டே அண்ணனை ஏசித் தீர்த்தேன். மகள் கசங்கிய கடதாசியைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

"மாமாவ இந்தப் பேச்சு பேசுறீங்க. நீங்க எதுக்கும்மா எந்திரிச்சீங்க?"

மாவுக்கை அப்படியே நின்றது. ஜீப் சத்தம் கேட்டதுமே நான் எழுந்துவிட்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. எனக்குப் பேரனும் இல்லை, ஆபீஸில் கேட்க எதுவும் இல்லை. அந்தக் கும்பலில் முதலில் எழுந்தவள்கூட நானாக இருக்கலாம்.

கூரைத் தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது. மகள் எழுந்து, பின்னால் மலைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, எங்கள் அடையாள அட்டைகளையும் என் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கதவோரமாக வைத்தாள்.