சட்டைப்பைக்குள் ஒரு கீபோர்ட்

ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற இரும்பு மிதவையில், என் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றார். வெள்ளைத் தொப்பி, மருதாணி போட்ட தாடி. வலது கை நீண்ட சட்டையின் பைக்குள்ளேயே இருந்தது. உள்ளே விரல்கள் ஓயாமல் அசைந்தன. தஸ்பீஹ் மணி உருட்டுகிறார் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையில்தான் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த நெல்வயலுக்கான உறுதிப் பத்திரம் இன்னும் என் பெயரில் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் அதற்கு விலை பேசத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

பைக்குள் அவருடைய விரல்கள் இன்னும் வேகமாக அசைந்தன.

"தஸ்பீஹா காக்கா?" அண்ணனிடம் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டேன்.

"இல்ல தம்பி, கீபோர்ட்." முட்டை அளவில், ஐந்து பொத்தான்கள் உள்ள ஒன்றை வெளியே எடுத்தார். "ரெண்டு மூணு விரலச் சேத்து அமத்தினா ஒரு எழுத்து. அடிச்சுப் பாருங்க."

அழுத்தினேன். அவர் மறுகையில் நீட்டிய போனில் 'ஞஞழ' என்று விழுந்தது. அதற்கு மேல்வரியில் நான் சொன்னதே இருந்தது: 'அக்காக்குச் சொல்லாம விக்கப் போறன்.'

"இத ஏன் எழுதினீங்க?"

"கை பழகத்தான். ஆரு கதைச்சாலும் அடிப்பன். பிறகு அழிச்சிருவன்."

பாதை கரையில் முட்டியது. நான் வாயெடுப்பதற்குள் இறங்கி நடந்துவிட்டார். கை மறுபடியும் பைக்குள்.

அழித்தாரா, தெரியாது. என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் வயலை இன்னும் விற்கவில்லை. அக்கா போனில் கூப்பிட்டால், அவள் என்ன சொல்கிறாள் என்பதைவிட, எந்தக் குரலில் சொல்கிறாள் என்பதைத்தான் முதலில் கவனிக்கிறேன்.